வினையைத் தொலைக்கும் வினை

சென்னைக் கடற்கரையினின்று தாம்பரம் நோக்கி ஓடும் மின்தொடர்வண்டியில் அரைமணி நேரம் செவிசாய்த்தாற் போதும். தமிழ்வினைகளுக்கு நேர்ந்துள்ள கேடு தெற்றென விளங்கும். ‘டிரைவ் பண்ணினான்’, ‘மீட் பண்ணினோம்’, ‘ஃபீல் பண்ணினாள்’ என்பனவே எங்கும் ஒலிக்கின்றன. ஓட்டினான், கண்டோம், வருந்தினாள் என்னும் சொற்கள் எங்கே போயின?

இதில் ஒரு வியப்பு உண்டு. ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ இறந்தகாலத்தில் ‘டிரோவ்’ ஆகும். ‘மீட்’ ‘மெட்’ ஆகும். ‘ஃபீல்’ ‘ஃபெல்ட்’ ஆகும். இவற்றைப் பிள்ளைகள் பள்ளியில் நெட்டுருப் போடுகின்றனர். ஆயினும் ‘டிரோவ் பண்ணினான்’ என எவரும் கூறுவதில்லை. ஆங்கில முதனிலை பிணம்போற் கிடக்க, காலமும் இடமும் பாலும் எண்ணும் காட்டும் பணி முழுவதையும் ‘பண்ணு’ என்னும் தமிழ்ச்சொல்லே சுமக்கின்றது. உழைப்பது தமிழ், பெருமை பெறுவது அயன்மொழி!

ஆங்கிலத்தைப் பழிப்பதன்று இவ்வுரையின் நோக்கம். நெறிதிறம்பிய வினைகள் பன்மொழிகளிலும் உள. ‘கோ’ என்பதன் இறந்தகாலமாகிய ‘வென்ட்’, வேறொரு வினையினின்று இரவல் வந்தது. இசுப்பானியத்தில் ‘ஃபுயி’ என்னும் ஒரே சொல் ‘சென்றேன்’ எனவும் ‘இருந்தேன்’ எனவும் பொருள்படும். தமிழிலோ ‘செல்’ என்பது ‘சென்றான்’ ஆவதற்கும், ‘வா’ என்பது ‘வந்தான்’ ஆவதற்கும் உறுப்பு உறுப்பாய்ப் பிரித்து நன்னூல் நெறி வகுத்துள்ளது. வினையையே மறந்தவனுக்கு அந்நெறியால் என்ன பயன்? ‘பண்ணு’ ஒன்றே எஞ்சுமாயின் ஓட்டு, தேர், வருந்து முதலிய முதனிலைகள் ஒவ்வொன்றாய் வழக்கிழக்கும். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கிய மொழி தேறலாம். வினைகளைக் கைவிட்ட மொழி தேறுதல் அரிது.

அம்மின்வண்டி நின்று செல்லும் பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் வாழ்ந்தார். கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராய்ப் பணியாற்றி, 1911இல் அங்குக் குடியேறி, 1916இல் தனித்தமிழ் இயக்கங் கண்டவர் அவர். ஆங்கிலத்தை ஆழக் கற்றவர். தம் நூல்களுக்கு ஆங்கிலத்திலும் முன்னுரை வரைந்தவர். எனினும் தமிழ் எழுதுங்கால் ஆங்கிலங் கலந்தாரல்லர். இரண்டையும் கற்றலும், இரண்டையும் கலவாமையும் ஒருங்கே இயலும் என்பதற்கு அவர் எழுத்தே சான்று.

இத்தென்சென்னைப் புறநகர்களில் வீடுதோறும் ஒரு திங்கள் இதனைச் செய்க: பிள்ளை ‘பண்ணு’ சேர்த்துச் சொல்லும் ஒவ்வோர் ஆங்கில வினைக்கும் ஈடான தமிழ்வினை யாதென உடனே கேட்க. கடிதல் வேண்டா; கேட்டலே போதும். நாவில் வினை மீண்டால் மொழி மீளும்!