வீட்டிலே கித்தார்ப் பதிவு

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வரும் நம் மாணவர் சிலர் மின்சாரக் கித்தாரை நேரே கணினியிற் பொருத்தி வீட்டிலேயே பதிவு செய்கின்றனர். ஒலி மெருகின்றிக் கீச்சிடுமாயின், விலையுயர்ந்த கருவியின்மையே காரணமென்றெண்ணிக் கடன்படவும் துணிகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பது நமது கருத்து.

வீட்டுப் பதிவு இழிவன்று; 1992-இல் வெளியான ‘ரோஜா’வின் இசை கோடம்பாக்கத்தில் ரகுமான் தம் வீட்டோடமைத்த நிலையத்திலே உருவாயிற்று. கித்தாரின் நாதம் ஒலிபெருக்கிப் பெட்டியின் வழியே வந்தே இனிமையுறும். அப்பெட்டி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூரொலியை வெகுவாய் அடக்கிவிடும். நேர்ப்பதிவில் இல்லாத அவ்வடக்கத்தை இலவச மென்பொருளே தரவல்லது. ஒரே பகுதியை இருமுறை வாசித்து இடமும் வலமுமாய் வைத்தால் நாதம் விரியும்; தாளம் பிசகினாலோ எக்கருவியும் காவாது.

ஆதலின் நண்பர்காள், கடன் வாங்குமுன் புதுத்தந்தி பூட்டுமின், சுருதி சேர்மின், கை பழகுமின்.