பிராண்டுக்குச் சண்டை அப்புறம், முதல்ல வேரியண்ட்டைப் படிங்க

வீட்டுல கார் வாங்குற பேச்சு ஆரம்பிச்சா அடுத்த கேள்வி உங்ககிட்டதான் வரும்: "நீ இன்ஜினியரிங் தானே படிக்கிற, எது நல்ல வண்டின்னு சொல்லு." நீங்க சிவிலா, ஐடியா, ஈசிஇயா என்பதெல்லாம் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் கணக்கே இல்லை. நாமளும் யோசிக்காம ஒரு பேரைச் சொல்லிடுவோம். ஹாஸ்டல்ல எந்த பிராண்டுக்காக ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை போட்டோமோ, அதே பேர். ஆனா அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி அப்பாவோட அஞ்சு வருஷ, ஏழு வருஷ இஎம்ஐ இருக்கு. அதனால கொஞ்சம் பொறுமையா பேசுவோம்.

நான் சொல்ல வர்றது இதுதான். காம்பேக்ட் எஸ்யூவி வகையில, பிராண்டுக்கும் பிராண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே வண்டியோட வேரியண்ட்டுக்கும் வேரியண்ட்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் பெருசு. நாம சண்டை போடுறது முதல் விஷயத்துக்கு. காசு கொடுக்கிறது ரெண்டாவதுக்கு.

முதல்ல, இந்த வண்டிங்க ஏன் இவ்வளவு ஒரே மாதிரி இருக்கு? நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், நாலோட நீளத்தையும் பாருங்க: 3995 மில்லிமீட்டர். டிசைனர்கள் எல்லாரும் பேசிவச்சு எடுத்த முடிவு இல்லை, வரிச்சட்டம் எடுத்த முடிவு. 2006 பட்ஜெட்ல ப.சிதம்பரம் சின்ன கார்களுக்கான எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்ன கார்னா நீளம் 4000 மி.மீ.க்குள்ள, பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள. ஜிஎஸ்டி வந்த பிறகும் இந்த எல்லை போகலை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த எல்லைக்குள்ள இருக்கிற வண்டிக்கு 18 சதவீதம், தாண்டினா 40. பிரெஸ்ஸா நீளத்துல பாஸ், ஆனா அதோட பெட்ரோல் இன்ஜின் 1462 சிசி. அதனால அது 40 சதவீத வரிசையில நிக்குது. வெளியில இருந்து பார்த்தா இது தெரியவே தெரியாது.

பெட்டி ஒரே அளவுங்கிறது மட்டும் இல்லை, சில சமயம் பெட்டியே ஒண்ணுதான். நிஸான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் ஒரே பிளாட்ஃபார்ம், ரெண்டும் நம்ம ஒரகடம் ஆலையில தயாராகுற வண்டிங்க. டொயோட்டா டைசரைப் பார்த்து "டொயோட்டான்னா டொயோட்டாதான்"னு சொல்றவங்க, அது மாருதி ஃபிராங்க்ஸோட இன்னொரு முகம்னு தெரிஞ்சுக்கணும். வென்யூவும் சோனெட்டும் ஒரே குழுமத்து வண்டிங்க. 1.2 பெட்ரோல், 1.0 டர்போ, 1.5 டீசல்னு இன்ஜின் வரிசையும் ஒண்ணுதான். கிரில்லும் லோகோவும் மாறுது, பானெட்டுக்குக் கீழ பெருசா மாறலை.

இப்போ வேரியண்ட் பக்கம் வாங்க. மேக்னைட்ல சாதாரண 1.0 இன்ஜின் 72 பிஎஸ், 96 நியூட்டன் மீட்டர் டார்க். அதே வண்டி, அதே 1.0 லிட்டர், டர்போ வச்சா 100 பிஎஸ், 160 நியூட்டன் மீட்டர். அஞ்சு பேர், டிக்கி நிறைய லக்கேஜ், ஏசி போட்டுக்கிட்டு கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல ஏறும்போது இந்த ரெண்டும் ஒரே வண்டியா இருக்காது. லோகோ மட்டும் ஒண்ணு.

ஸ்பெக் ஷீட்ல இன்னொரு விஷயம் பாருங்க. பிஎஸ் எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க, எந்த ஆர்பிஎம்ல டார்க் வருதுன்னு பாருங்க. ஹூண்டாயோட 1.2 பெட்ரோல் 83 பிஎஸ் தருது, ஆனா 6000 ஆர்பிஎம்ல. ஓஎம்ஆர் டிராஃபிக்ல யாரு 6000 வரைக்கும் போறாங்க? அதே கம்பெனியோட 1.0 டர்போ 172 நியூட்டன் மீட்டரை 1500 ஆர்பிஎம்லேயே கொடுத்துடும். லாரியை ஓவர்டேக் பண்ணும்போது கைகொடுக்கிறது அதுதான். ஆனா ஊருக்குள்ள மட்டும் ஓடுற வண்டிக்கு அந்த 1.2 தாராளமா போதும். டர்போவுக்குக் கூடுதலா கொடுக்கிற காசு அங்க வீண். பவர் = டார்க் × சுழற்சி வேகம். செமஸ்டர்ல எழுதிட்டு மறந்த அந்த ஃபார்முலா இங்கதான் வேலைக்கு ஆகுது.

அடுத்தது ஆப்ஷன்ஸ். ஷோரூம்ல முதல்ல திறந்து காட்டுறது சன்ரூஃப். மே மாசம் வேலூர்லயோ திருச்சியிலயோ மதியம் ரெண்டு மணிக்கு அதை எத்தனை தடவை திறப்பீங்கன்னு நீங்களே சொல்லுங்க. அதே காசுக்கு வேற கேள்விகள் இருக்கு. ஈஎஸ்சி எந்த வேரியண்ட்ல இருந்து வருது? பின் சீட்டுல நடுவுல உட்கார்றவங்களுக்கும் த்ரீ பாயிண்ட் பெல்ட் இருக்கா, ஹெட்ரெஸ்ட் இருக்கா? டிரைவர் சீட் உயரத்தை மாத்த முடியுமா? அம்மாவும் ஓட்டப் போறாங்கன்னா இது ஆடம்பரம் இல்லை, ரோடு தெரியணுமே! பின் கண்ணாடிக்கு வைப்பரும் டீஃபாகரும் உண்டா? நவம்பர் மழையில ரிவர்ஸ் எடுக்கும்போது அதோட அருமை தெரியும்.

சேஃப்டி ஸ்டார் பத்தியும் ஒரு வார்த்தை. 2018 டிசம்பர்ல நெக்ஸான் குளோபல் என்கேப்ல அஞ்சு ஸ்டார் வாங்கின பிறகுதான் நம்ம ஊர்ல இந்தக் கேள்வியே சூடு பிடிச்சது. 2023 அக்டோபர்ல இருந்து பாரத் என்கேப் இருக்கு. 64 கி.மீ. வேகத்துல முன்பக்கத்தோட 40 சதவீதம் மட்டும் மோதுற மாதிரி டெஸ்ட் பண்றாங்க. ஸ்டாரை மட்டும் எண்ணாதீங்க. பெரியவங்களுக்கு 32க்கு எத்தனை மார்க், குழந்தைகளுக்கு 49க்கு எத்தனை மார்க்னு பாருங்க. சிஜிபிஏவை மட்டும் பார்த்து நம்மளை எடை போட்டா கோபம் வருதுல்ல, அதே மாதிரிதான்.

இப்போ காசு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல மாறின சாலை வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சம் வேரியண்ட்டுக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் வேரியண்ட்டுக்கு 1,81,800. ஷோரூம்ல "இருபதாயிரம்தான் சார் கூட, அலாய் வீல் வந்துடும்"னு சொல்லுவாங்க. வரியையும் சேர்த்தா அந்த அலாய் வீலோட விலை 73,100 ரூபாய். ஆன்-ரோடு விலையை எழுதி வாங்காம எந்த வேரியண்ட்டையும் ஒப்பிடாதீங்க.

அப்போ பிராண்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கு. 2013ல வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் மறைமலை நகர்ல தயாரான வண்டி, இந்த வகையையே பிரபலமாக்கின வண்டிகள்ல ஒண்ணு. 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா ஃபோர்டு அறிவிச்சது. வண்டி நல்லா இருந்தா மட்டும் போதாது, கம்பெனியும் நம்மகூட பத்து வருஷம் இருக்கணும்னு அன்னைக்குப் பல பேருக்குப் புரிஞ்சது. அதனால உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்ல இருக்கு, ஸ்பேர் எத்தனை நாள்ல வரும், அஞ்சு வருஷம் ஓடின அதே மாடல் யூஸ்டு மார்க்கெட்ல என்ன விலை போகுதுன்னு விசாரிங்க. பிராண்டுன்னா என்னைப் பொறுத்தவரை இந்த மூணுதான். "கெத்து" அந்த லிஸ்ட்ல இல்லை. கெத்துக்கும் சேர்த்துதான் இஎம்ஐ கட்டணும்.

அடுத்த தடவை வீட்டுல கேட்டா, உடனே பேரைச் சொல்லாதீங்க. திருப்பிக் கேளுங்க: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? பெரும்பாலும் எத்தனை பேர்? யார் யார் ஓட்டுவாங்க? தினம் எட்டு கிலோமீட்டர் ஊருக்குள்ள மட்டும்னா டீசலை அப்பவே அடிச்சிடலாம். பிஎஸ்6 டீசல்ல இருக்கிற ஃபில்டர் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்க அப்பப்போ நீளமான ஹைவே ஓட்டம் கேட்கும். மாசம் ரெண்டு தடவை குடும்பத்தோட சொந்த ஊர்னா கணக்கு வேற. இப்படி ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தா கடைசியில ரெண்டு இல்லை மூணு வேரியண்ட் மிஞ்சும். அதுக்கப்புறம் கலரும் லோகோவும் அப்பாவோட இஷ்டம். காசு அவரோடது, அந்த சந்தோஷமும் அவரோடதா இருக்கட்டும்.