ஓடாத ஆலை உக்கிப்போகும்

ஒல்லாந்தில் ஏறக்குறையக் கால்வாசி நிலம் கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. வயலில் தேங்கும் நீரை வெளியே இறைக்காவிட்டால் அங்கு விவசாயமே இல்லை. நாம் கிணற்றிலிருந்து வயலுக்கு இறைக்கிறோம். அவர்கள் வயலிலிருந்து வெளியே இறைக்கிறார்கள். பாடு ஒன்றுதான். பல நூற்றாண்டுகளாக இந்த வேலையைச் செய்தவை காற்றாலைகள். காற்று பாய்களைச் சுழற்ற, கீழேயுள்ள சக்கரம் நீரை அள்ளி உயரமான கால்வாயில் ஊற்றும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தானியம் அரைப்பவையும் நீர் இறைப்பவையுமாகச் சுமார் 10,000 ஆலைகள் அங்கே இருந்தன. நீராவியும் டீசலும் மின்சாரமும் வர, அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை ஆயிரத்திற்குச் சற்று மேல். அவற்றைக் காக்க 1923இல் ஒரு சங்கம் தோன்றியது. பழசில் ஆசை கொண்டவர்களின் வீண்வேலை என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் இரண்டாம் உலகப்போரில் எரிபொருள் அருகியபோது, கின்டர்டைக் ஊரின் ஆலைகள் மீண்டும் நீர் இறைத்தன.

கட்டடம் மட்டும் நின்றால் போதாது. ஓடாத ஆலையின் மரம் உக்கும், பூச்சி அரிக்கும். ஓட்டத் தெரிந்த முதியவர்கள் மறையத் தொடங்கவே, 1972இல் தொண்டர்கள் ஒன்றுகூடி ஆலை ஓட்டும் தொழிலைப் பழகினர். முகில் பார்த்துக் காற்றைக் கணிக்கவும், பாயைச் சுருக்கவும், புயலுக்கு முன் ஆலையை நிறுத்தவும் கற்றுப் பரீட்சையும் எழுதுகிறார்கள். கூலி இல்லை. சிலருக்கு இதுவே வாழ்நாள் பணியாகிவிட்டது. கின்டர்டைக் ஆலைகளை யுனெஸ்கோ 1997இல் உலக மரபுரிமையாக ஏற்றது. ஆலை ஓட்டுபவரின் கைத்தொழில் அந்த மதிப்பைப் பெற மேலும் 20 ஆண்டுகள் சென்றன.

1990இல் போர் மீண்டும் மூண்டு வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. இறைப்பு இயந்திரங்கள் முடங்கின. ஆடுகாலும் துலாவும், அதை மிதிக்கத் தெரிந்தவரும் இருந்த தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ந்தது. துலாவுக்கே திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. விடியுமுன் எழும்பி இறைத்த களைப்பை நாம் அறிவோம். ஆனால் மீள்குடியேற்றப் பட்டியல்களில் வீடு உண்டு, கிணறு உண்டு, இயந்திரம் உண்டு. துலா பூட்டவும் பட்டை கோலவும் தெரிந்த பெரியவருக்கு அதில் இடமில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வோர் ஊரிலும் அப்படி ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். திரும்பிச் செல்லும் ஊரில் ஒரு பொதுக் கிணற்றிலாவது, இயந்திரத்திற்குப் பக்கத்தில் ஒரு துலாவையும் நிறுத்தி, அந்தப் பெரியவருக்குக் கூலி கொடுத்து, நாலு இளைஞருக்குப் பழக்கச் சொல்லிக் கேட்போம்.