விசில் ஊதாத கோச்

"கண்டிப்பில்லாட்டிப் பிள்ளைகள் உருப்படாது." இந்த வசனத்தைக் கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? கிரவுண்டில் தண்ணி கேட்டவனுக்கு இன்னும் இரண்டு றவுண்ட். பந்தைத் தவறவிட்டவனுக்கு அடி. பத்து வருசம் கழித்துப் பழைய மாணவர் ஒன்றுகூடலில், அடி வாங்கியவர்களே எழும்பி, "சேர் அண்டைக்கு அடிச்சபடியாலதான் நாங்கள் இண்டைக்கு ஆளாகி நிக்கிறம்" என்று சொல்லிக் கண் கலங்குவார்கள். எல்லோரும் கைதட்டுவோம்.

இனி அந்தக் கைதட்டலில் எங்களுக்குப் பங்கில்லை. ஏன் என்று சொல்ல, நாங்கள் ஒருநாளும் விளையாடாத ஒரு விளையாட்டையும், எங்களில் பலர் கேள்விப்படாத ஒரு மனிதரையும் துணைக்கு அழைக்கிறோம்.

விளையாட்டு, அமெரிக்க உதைபந்தாட்டம். பெயர்தான் உதைபந்து; பார்த்தால் றக்பிக்குத் தலைக்கவசம் போட்டதுபோல இருக்கும். ஆளை ஆள் மோதி விழுத்துவதுதான் ஆட்டம். மனிதர், ஜோன் கலார்டி. 1926இல் கொலராடோ மாநிலத்தின் ட்ரினிடாட் என்ற ஊரில் பிறந்தவர். 1943இல், அவருக்கு 16 வயதில், பள்ளிக்கூட அணியின் கோச்சை யுத்தத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறு ஆளில்லை. அணித்தலைவனாக இருந்த பெடியனே கோச்சாகவும் ஆனான். முதல் வேலையாகத் தனக்கும் கூட்டாளிமாருக்கும் பிடிக்காத உடற்பயிற்சிகளை நிறுத்தினான். தண்ணி குடிக்க விட்டான்.

அந்தப் பெடியன் அதற்குப் பிறகு கோச் வேலையை விடவில்லை. 1949இல் மொன்டானாவின் கரோல் கல்லூரி. 1953இலிருந்து மினசோட்டாவில் பெனடிக்ரைன் துறவிகள் நடத்தும் சென் ஜோன்ஸ். 2012 வரை அதே இடம். கல்லூரி மட்டத்தில் மொத்தம் 64 பருவங்கள், 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமநிலை, நான்கு தேசிய சம்பியன் பட்டங்கள். 2003 நவம்பரில் கிராம்பிளிங்கின் எடி றொபின்சன் வைத்திருந்த 408 வெற்றிச் சாதனையைத் தாண்டினார். கல்லூரி உதைபந்தாட்டத்தில் அவரைவிட அதிகம் வென்ற கோச் இல்லை.

இவ்வளவையும் அவர் எப்படிச் செய்தார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அவருடைய முறை முழுக்க முழுக்க 'இல்லை'களால் ஆனது. பயிற்சியில் விசில் இல்லை. ஆளை விழுத்தி மோதுவது இல்லை. அது மட்ச் அன்றைக்கு மட்டும். கட்டாயப் பாரம் தூக்கல் இல்லை. தண்டனை ஓட்டம் இல்லை. புதியவர்களைப் பகிடிவதை செய்வது இல்லை. விளையாட வந்த யாரையும் கழித்துவிடுவதும் இல்லை. அதனால் அணியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நிற்பார்கள். பயிற்சி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது. அவரைக் 'கோச்' என்று கூப்பிடவும் கூடாது. எழுபது, எண்பது வயதிலும் பத்தொன்பது வயதுப் பெடியங்களுக்கு அவர் வெறும் 'ஜோன்'. மற்றவர் உன்னை எப்படி நடத்தவேண்டும் என்று விரும்புகிறாயோ அப்படியே நீயும் அவரை நடத்து என்பது ஒன்றுதான் விதி.

இதை இளகின மனம் என்று நினைத்தால் பிழை. ஒரே நகர்வைப் பிசகில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்விப்பார். பிழையை விடாமல் திருத்துவார். ஆனால் திருத்துவதற்கு அவமானப்படுத்தத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி மற்றப் பக்கம். கலார்டி சென் ஜோன்ஸுக்கு வந்த அடுத்த வருசம், 1954இல், ரெக்சாஸ் ஏ அன்ட் எம் அணியைப் புதிதாகப் பொறுப்பேற்ற பெயார் பிரையன்ட் வீரர்களை ஜங்சன் என்ற வறண்ட ஊருக்குக் கொண்டுபோனார். பத்து நாள், கொளுத்தும் வெயில், பயிற்சியில் தண்ணி கிடையாது. பெரும்பாலானவர்கள் முகாமை விட்டு ஓடினார்கள். அந்தப் பருவத்தில் அணி வென்றது ஒரு மட்ச், தோற்றது ஒன்பது. ஆனாலும் அந்த முகாம் வீரகாவியமானது. புத்தகம் வந்தது, படம் வந்தது. பிரையன்ட் பிறகு நிறைய வென்றார், அது உண்மை. அப்படியென்றால் வெற்றி இரண்டு வழியாலும் வரும். கொடுமை இல்லாமலும் வரும் என்றால், கொடுமை யாருடைய தேவைக்கு?

இது பழங்கதை இல்லை. 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழக அணியின் 19 வயது வீரர் ஒருவர் பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்துக்கு உள்ளாகி இரண்டு வாரத்தில் இறந்தார். சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பேற்பதாகப் பல்கலைக்கழகத் தலைவர் சொல்லவேண்டி வந்தது. அதே வருசம் ஒக்டோபரில்தான் கலார்டி 91 வயதில் காலமானார்.

"அது சின்னக் கல்லூரி, அங்க என்னவும் செய்யலாம்" என்பார்கள். உண்மைதான், சென் ஜோன்ஸ் விளையாடுவது மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டுக்குப் புலமைப்பரிசில் கிடையாது. பெரிய தொலைக்காட்சிப் பணமும் இல்லை. ஆனால் இந்த வாதம் அவர்களுக்கே எதிரானது. புலமைப்பரிசிலால் கட்டிப்போட்ட வீரன் வதையைப் பொறுத்துக்கொள்வான்; வேறு வழியில்லை. கட்டாத வீரன் பிடிக்காட்டி அடுத்த நாளே வரமாட்டான். கலார்டியிடம் அவர்கள் அறுபது வருசம் வந்துகொண்டே இருந்தார்கள். பெரிய இடங்களும் மெல்ல மெல்லப் பின்னால் வருகின்றன: பருவகாலப் பயிற்சியில் ஆளை விழுத்தி மோதுவதை நிறுத்த ஐவி லீக் கோச்மார் உடன்பட்டது 2016இல்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். முதலாம் வருடத்தில் எங்களைச் சுவரோரம் நிற்பாட்டி வைத்த சீனியர்மார் சொன்னதும் இதைத்தான்: "இது உங்களை ஒற்றுமையாக்கத்தான்." பகிடிவதைத் தடைச் சட்டம் 1998இலிருந்து இருக்கிறது. ஆனாலும் அந்த வசனம் சாகவில்லை. ஏனென்றால் அது கிரவுண்டில் பிறந்து, வகுப்பறையில் வளர்ந்து, வீட்டிலும் சோறு தின்கிற வசனம். கம்பசில் மட்டும் அதை வெட்டினால் போதாது.

ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறோமா? இல்லை. 'சேர்' என்பதிலோ 'அண்ணா' என்பதிலோ எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, அன்பாகவும் கூப்பிடுகிறோம். 'அண்ணா' என்று கூப்பிடாட்டி அடி விழும் என்றால் அது மரியாதை இல்லை, கப்பம்.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 489 என்ற எண்ணை நாங்கள் தூக்கிப் பிடிப்பது, அது இல்லாட்டி எங்கள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால். கலார்டி எல்லா மட்ச்சிலும் தோற்றிருந்தாலும், தாகமெடுத்த பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தது சரிதான். அந்த எண் செய்வது ஒன்றே ஒன்று: "அடிச்சாத்தான் வெல்லலாம்" என்ற சாட்டைப் பறிக்கிறது.

அடுத்த ஒன்றுகூடலில் யாராவது எழும்பி அந்தப் பழைய வசனத்தைச் சொன்னால் நாங்கள் கைதட்டமாட்டோம். ஒரு கேள்வி கேட்போம்: அதே கிரவுண்டில் உங்களோடு அடி வாங்கி, பாதியில் விளையாட்டை விட்டவன் இப்ப எங்க? அவனை இந்தக் கூட்டத்துக்கு யாராவது கூப்பிட்டீர்களா?