பனி மேயர்களைக் கவிழ்ப்பதில்லை

அமெரிக்க நகரங்களின் அரசியலைப் பற்றி எழுதுவோர் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் கூற்று ஒன்று உண்டு. வானம் அளவுமீறிப் பனியைக் கொட்டிவிடுகிறது, நகராட்சி தன்னால் இயன்றதைச் செய்கிறது, ஜனங்களோ பொறுமை இழந்து அடுத்த தேர்தலில் மேயரைக் கவிழ்த்துவிடுகிறார்கள், ஆதலால் பனியிடம் தோற்ற மேயர் துரதிருஷ்டசாலியே தவிரக் குற்றவாளி அல்லர் என்பது அதன் சாரம். இதற்கு அவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தம், சிகாகோ நகரின் மேயராயிருந்த மைக்கேல் பிலாண்டிக். 1979 ஜனவரி நடுவில் பெய்த பெரும்பனிக்குப் பிறகு, பிப்ரவரி 27-ஆம் தேதி தம் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த வாக்கெடுப்பில், தாமே முன்னர் உத்தியோகத்திலிருந்து விலக்கிய ஜேன் பர்ன் என்னும் பெண்மணியிடம் அவர் தோற்றுப்போனார். தேர்தலில் தோல்வியே அறியாத ஒரு கட்சி இயந்திரத்தைப் பனி தோற்கடித்தது என்று அன்று எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள்.

இந்தக் கூற்றில் அனுதாபம் இருக்கும் அளவுக்கு ஆராய்ச்சி இல்லை. இதைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

பனியின் அளவு அசாதாரணமானது என்பது முதல் வாதம். 1979-இல் சிகாகோவில் இரண்டு நாளில் விழுந்த பனி ஏறத்தாழ 20 அங்குலம். அதே நகரத்தில் 1967 ஜனவரி 26, 27 தேதிகளில் விழுந்ததோ 23 அங்குலம். பேருந்துகளும் மோட்டார் வண்டிகளும் நடுச்சாலையில் புதைந்து கிடந்தன. வாரிய பனியைக் கொட்ட இடம் போதாமல், தெற்கே செல்லும் காலிச் சரக்கு ரயில்களில் கொஞ்சத்தை ஏற்றி அனுப்பினார்கள். பனியையே கண்டறியாத ஃப்ளாரிடாவுக்குச் சிகாகோ அனுப்பிய விசித்திரமான ஏற்றுமதி அது. அப்போதைய மேயர் ரிச்சர்ட் டேலி அடுத்த ஏப்ரலில் தேர்தலுக்கு நின்று, 100-க்கு 70-க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று மீண்டும் பதவியேற்றார். 1979-இல் முன்னரே விழுந்திருந்த பனி தரையில் கிடக்க அதன்மேல் புதுப்பனி விழுந்தது என்பதையும், அதனால் வேலை இருமடங்கு கடினமாயிற்று என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அளவே காரணம் என்றால் டேலி எப்படித் தப்பினார் என்பதற்கு விடை வேண்டும். நியூயார்க்கிலும் இதே கதைதான்: 1947 டிசம்பரில் 26 அங்குலம் விழுந்தது, 1969 பிப்ரவரியில் விழுந்தது நகரின் நடுவே 15 அங்குலம், மேயர் ஒருவரின் பெயரோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருப்பது பின்னதே. இன்னும் தெற்கே போனால், 2014 ஜனவரி 28-ஆம் தேதி அட்லாண்டா நகரம் மூன்று அங்குலம்கூட நிரம்பாத பனியில் ஸ்தம்பித்தது. பள்ளிகளும் அலுவலகங்களும் கடைகளும் ஒரே நண்பகலில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட, நகரத்தின் வண்டிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்து சேர்ந்தன. உப்பும் மணலும் தூவ வேண்டிய வண்டிகள் அந்த நெரிசலுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டன. குழந்தைகள் பலர் அன்றிரவு பள்ளிக்கூடத்திலேயே உறங்கினர்.

இரண்டாவது வாதம், கருவிகளும் பணமும் போதவில்லை என்பது. நகராட்சிகள் நமக்கு எப்போதும் சொல்லும் சமாதானமாதலால், கேட்டவுடன் இரக்கம் பிறந்துவிடுகிறது. 1969-இல் நியூயார்க்கில் கருவிகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 100-க்கு 40 பழுதாகிக் கிடந்தன என்பது பிறகு வெளிவந்த செய்தி. வாங்குவதற்குப் பணம் கிடைத்தது, பராமரிக்க மனம் கிடைக்கவில்லை. சிகாகோவில் பனி அகற்றத் திட்டம் ஒன்று எழுதித் தருவதற்காக முன்னாள் துணைமேயர் ஒருவருக்கு 90,000 டாலர் கொடுத்திருந்தார்கள். பனி வந்தபோது அந்தத் திட்டத்தால் ஒரு தெருவாவது திறந்ததாக யாரும் சொல்லவில்லை. டென்வர் நகரத்தின் விவகாரம் இவற்றைவிட விசேஷமானது. 1982-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அங்கே ஏறத்தாழ 24 அங்குலம் பனி விழுந்தபோது, அதை வாரி அப்புறப்படுத்துவதற்குப் பதிலாகக் குப்பை வண்டிகளை அதன்மேல் ஓட்டி நசுக்கிவிடலாம் என்று நிர்வாகம் நினைத்தது. நசுங்கிய பனி பனிக்கட்டியாகி, வண்டித்தடங்கள் கல்லாய் இறுகி, வாரக்கணக்கில் அந்நகரத்தாரின் வண்டி அச்சுகளை முறித்துக்கொண்டிருந்தன. 1968 முதல் மேயராயிருந்த வில்லியம் மெக்நிக்கல்ஸ் அடுத்த ஆண்டில் பதவியிழந்தார். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூட வெயில் அவருக்கு உதவியிருக்கும்.

இவ்விரண்டு வாதங்களும் விழுந்தபின், படித்தவர்களும் பொறியியல் வல்லுநர்களும் சொல்லும் மூன்றாவது வாதம் வருகிறது. இதுதான் பலமானது, ஆகவே இதனிடத்தில் சற்று அதிகமாகத் தங்குவது நியாயம். முதன்மைச் சாலைகளை முதலில், கிளைத்தெருக்களை அடுத்து, நடைபாதைகளைக் கடைசியில் என்ற வரிசை பாரபட்சமற்ற ஒரு சாஸ்திரம். அதில் அரசியலுக்கு இடமில்லை. காத்திருக்க நேர்ந்தவர்கள் கோபித்துக்கொண்டால் அதற்கு யார் பொறுப்பு என்கிறார்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பேருந்தும் செல்லும் பாதைகள் முதலில் திறக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இலை போட முடியாது என்பது எவ்வளவு உண்மையோ, எப்போதும் ஒரே மனிதர்கள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது அதற்கு இடப்பற்றாக்குறை மட்டுமே காரணமல்ல என்பதும் அவ்வளவு உண்மை.

1969-இல் நியூயார்க்கில் நடந்தது அதுவே. மான்ஹாட்டனின் பெருவீதிகள் சீக்கிரம் திறந்துவிட்டன. கிழக்கே குவீன்ஸ் பகுதியின் தெருக்களோ ஏறத்தாழ ஒரு வாரம் அப்படியே கிடந்தன. நகரம் முழுவதிலும் இறந்த 42 பேரில் சரிபாதியினர் அந்த ஒரு பகுதியைச் சேர்ந்தவர்கள். ஐக்கிய நாடுகள் சபையின் உயர் அதிகாரியும் நோபல் சமாதானப் பரிசு பெற்றவருமான ரால்ஃப் பன்ச் அங்கேதான் குடியிருந்தார். தம் தெருவுக்குப் பனி ஒதுக்கும் வண்டி எதுவும் வரவில்லை என்று மேயருக்குத் தந்தி அடித்தார். உலகத்துச் சண்டைகளில் சமாதானம் பேசியவருக்கே தந்தி அடித்துத்தான் தம் வாசலில் கிடக்கும் பனியைப் பற்றி முறையிட முடிந்தது என்றால், பேரும் பரிசும் இல்லாத அண்டைவீட்டார் எந்த முகவரிக்கு முறையிட்டிருப்பார்கள்? மேயர் ஜான் லிண்ட்ஸே நேரில் பார்க்கச் சென்றபோது அவருடைய வண்டியே பனியில் சிக்கிக்கொண்டது. சூழ்ந்து நின்றவர்கள் கூச்சலிட்டு ஏசினார்கள்.

சிகாகோவில் நடந்தது இதைவிட வெளிப்படையானது. உயரத் தூண்களின்மேலும் விரைவுச் சாலைகளின் நடுவிலும் ஓடும் நகர ரயில்களைத் தாமதமின்றிக் கடைக்கோடிவரை செலுத்த வேண்டும் என்று போக்குவரத்து நிர்வாகத்தார் ஓர் உபாயம் செய்தார்கள்: வழியிலுள்ள சில நிலையங்களில் ரயில் நிற்க வேண்டாம் என்று உத்தரவிட்டார்கள். அந்நிலையங்களில் பெரும்பாலானவை கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் இருந்தன. தெருவில் கார் நகராது, பேருந்து வராது, மிச்சமிருந்த ஒரே வாகனமும் நடைமேடையில் நின்றவர்களைக் கடந்து புறநகர்ப் பக்கத்தாரை ஏற்றிக்கொண்டு போனது. இதை வானம் செய்யவில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து மனிதர்கள் செய்தார்கள். மேலும், தெருவில் நிற்கும் கார்களை அகற்றினால்தான் வழி திறக்க முடியும், பள்ளிக்கூட வளாகங்களைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம், அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று பிலாண்டிக் அறிவித்தார். போய்ப் பார்த்தவர்களுக்கு அவ்வளாகங்களிலும் தெருவில் கிடந்த பனியே காத்திருந்தது. கட்சிக்கு என்றும் தவறாமல் வாக்களித்துவந்த கறுப்பினத்தவரின் வட்டங்கள் பிப்ரவரியில் ஜேன் பர்ன் பக்கம் சாய்ந்தன. பனியின் அங்குலக் கணக்கைப் பார்த்து அவர்கள் வாக்களித்ததாக நம்புவதற்கு நல்ல வெகுளித்தனம் வேண்டும்.

வரிசை என்பது சாஸ்திரமா, தேர்வா என்ற கேள்விக்கு ஸ்வீடனில் விடை கிடைத்தது. கார்ல்ஸ்கோகா என்னும் சிறு நகரத்தில் யாருக்கும் தீங்கு நினைக்காத பழைய வரிசையே நடந்துவந்தது. யார் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோது, கார் ஓட்டுவோரில் ஆண்கள் அதிகம், நடந்தும் பேருந்திலும் செல்வோரில் பெண்கள் அதிகம் என்று தெரிந்தது. குளிர்காலத்தில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வருவோரில் பாதசாரிகளே மிகுதி, அவர்களிலும் பெண்களே பெரும்பான்மை என்பதை அந்நாட்டு ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. ஆகவே நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் குழந்தைக் காப்பகங்களின் சுற்றுப்புறத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதே பனி, அதே வண்டிகள். வரிசை மட்டும் வேறு. இக்கொள்கையை எடுத்துக்கொண்ட ஸ்டாக்ஹோம் 2016 நவம்பரில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் பனியில் திணறியபோது, ஏளனம் செய்தவர்கள் பலர். பேருந்துகள் நின்றுபோனதால் அந்த ஏளனத்துக்கு ஆதாரமும் இல்லாமற் போகவில்லை. எந்த வரிசையிலும் யாரோ காத்திருக்கத்தான் வேண்டும். யார் காத்திருப்பது என்பதைச் சபையில் பேசி முடிவு செய்தார்களா, பழக்கத்தின் கையில் விட்டார்களா என்பதே நான் கேட்பது.

தொழிலாளர்மேல் பழி போடும் வாதம் ஒன்றும் உண்டு. அதை நீண்ட நேரம் கவனிக்க வேண்டியதில்லை. 2010 டிசம்பரில் நியூயார்க்கில் 20 அங்குலம் விழுந்து ஆம்புலன்ஸ்களும் தெருவில் சிக்கிக்கொண்டபோது, துப்புரவுத் துறையினர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தார்கள் என்று நகரசபை உறுப்பினர் ஒருவர் கிளப்பினார். மறு ஆண்டு வந்த விசாரணை அறிக்கை அப்படித் திட்டமிட்ட தாமதம் நடந்ததற்குச் சான்று இல்லை என்றது. பனி அவசரநிலையை உரிய நேரத்தில் பிரகடனம் செய்யாதது மேலிடம்.

மான்ட்ரியல் போன்ற நகரங்கள் பழக்கத்தாலும் பணத்தாலும் சமாளிக்கின்றன, மற்ற நகரங்களை அவற்றோடு ஒப்பிடலாகாது என்பார்கள். ஆண்டுக்குச் சராசரி இரண்டு மீட்டர் பனி விழும் அந்நகரத்தில் சாலையும் நடைபாதையுமாகச் சேர்த்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டரைத் துப்புரவு செய்கிறார்கள். அதற்குப் பெருந்தொகை செலவாகிறது என்பது மெய். ஆனால் பணம் எங்கே நிற்கிறது, ஒழுங்கு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பனி தொடங்கியவுடன் உப்பு, கடுங்குளிரில் உப்பு வலுவிழந்துவிடுமாதலால் அப்போது பொடிக்கல், பிறகு ஒதுக்குதல், பத்துப் பதினைந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் வாரி ஏற்றுதல். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று செம்மஞ்சள் பலகைகள் முன்கூட்டியே நடப்படுகின்றன. இழுவை வண்டி ஊதும் ஒலியைக் கேட்டு எழுந்து ஓடுவது அங்கே குளிர்கால வழக்கம். ஆர்தர் சிகார் என்பவர் 1925-இல் உருவாக்கிய பனியூதும் இயந்திரத்தை முதன்முதலில் 1927-இல் விலைக்கு வாங்கியது அப்போது அண்டை நகரமாயிருந்த ஊட்ரமோன். அவ்வகை இயந்திரங்கள் பனியை லாரிகளில் ஊதி ஏற்ற, அது பிரான்கோன் என்னும் பழைய கல்குவாரி முதலான இடங்களில் போய்க் குவிகிறது. நடைபாதைகளுக்கென்று சிறு டிராக்டர்கள் தனியே ஓடுகின்றன. அந்நகரம் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை; பனி அகற்றும் குத்தகைக்காரர்கள் தமக்குள் பேசிவைத்து ஏலம் கேட்பதற்கான அடையாளங்களை 2015-இல் நகரின் தலைமைக் கண்காணிப்பாளரே வெளியிட்டார். ஆயினும் தன் தெருவுக்கு எப்போது முறை வரும் என்று அங்குள்ள குடிமகனுக்குத் தெரியும்; தெரிவதால் காத்திருக்கிறான்.

கடைசியாக, ஜனங்களின் கோபம் பனியைப் போலவே உருகிவிடுவது, அதைக் கொண்டு நிர்வாகத்தை மதிப்பிடுவது பேதைமை என்கிறார்கள். லிண்ட்ஸே 1969 ஜூனில் தம் கட்சியின் வேட்பாளர் ஸ்தானத்தை இழந்தும், நவம்பரில் வேறு கட்சியின் பெயரில் நின்று ஜயித்ததை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பனி விஷயத்தில் தாம் தவறிவிட்டதாக அவர் தேர்தல் விளம்பரத்தில் நேராகவே ஒப்புக்கொண்டு வாக்குக் கேட்டதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சிகாகோவிலும் கோபம் உருகவில்லை. கறுப்பினத்தவரின் வாக்குகளால் வந்த ஜேன் பர்ன், பள்ளிக் குழுவிலும் பொதுக் குடியிருப்பு வாரியத்திலும் கறுப்பினத்தவர் இருந்த இடங்களுக்கு வெள்ளையரை நியமித்தார். 1983 பிப்ரவரியில் அதே வட்டங்கள் அவரையும் விலக்கின. பனி ஒரு வழக்காகவே எழாத அந்தத் தேர்தலில், ஹரோல்ட் வாஷிங்டன் அந்நகரத்தின் முதல் கறுப்பின மேயராகும் வழி திறந்தது.