பன்றிக்கறியும் பெரியம்மாவின் பாத்திரமும்



போன ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்த பன்றிக்கறியின் படத்தை இங்கே போட்டேன். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "டீச்சர், நீங்களா?" என்கிறான் ஒருவன். "அந்தப் பாத்திரத்தைத் தனியா வெச்சிடுங்க பெரியம்மா" என்கிறாள் ஒருத்தி. அமெரிக்காவில் இருக்கும் என் மகள் 'கார்னிடாஸ்' சாப்பிடும் படத்தைப் போட்டபோது அதற்கு இதயம் போட்டவளும் இவள்தான். கார்னிடாஸ் என்றாலும் பன்றிக்கறிதானம்மா!

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் செய்ததும் அந்தக் கார்னிடாஸ்தான். மெக்சிகோவில் மிச்சோவாகான் மாநிலம் இதற்குப் பேர்போனது. அங்கே பெரிய செப்புப் பாத்திரத்தில் பன்றிக் கொழுப்பிலேயே வேகவைப்பார்கள். என்னிடம் இருந்தது அடி கனமான அலுமினியப் பாத்திரம். ஆவடிப் பக்கம் வாங்கிய 1 கிலோ தோள்கறி, கொழுப்போடு. பெரிய துண்டுகளாக்கி, உப்பு, பூண்டு, பிரிஞ்சி இலை, 2 ஆரஞ்சுப் பழச் சாறு சேர்த்து, கறி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, சிறு தீயில் இரண்டரை மணி நேரம். தண்ணீர் வற்றியதும் கறி தன் கொழுப்பிலேயே சிவந்து வறுபடும். சப்பாத்தியில் வைத்து, பச்சைமிளகாய்த் துவையலோடு சாப்பிட்டேன். மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்ததுதான். அதை மட்டும் யாரும் தனிப் பாத்திரத்தில் வைக்கவில்லை.

"பன்றி சாப்பிட்டால் மூளையில் புழு வரும்" என்று எழுதியவருக்கு ஒரு பாடம். சரியாக வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வரலாம். ஆகவே நன்றாக வேகவைக்க வேண்டும். மூளைக்குப் போகும் வழி வேறு. அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, காய்கறி, அசுத்தத் தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போவதால் வருவது அது. கறியே தொடாதவருக்கும் வரலாம். கையைக் கழுவுங்கள்.

"நம்ம பழக்கத்துலயே கிடையாது" என்றவருக்கு அடுத்த பாடம். நம் ஊர் தொண்டை நாட்டில் இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிக் கொழுக்க வைத்த பன்றியின் கறி விருந்தாக வருகிறது. கண்ணப்பர் காளத்தியில் பன்றிக்கறியைச் சுட்டு, ருசி பார்த்து, சிவனுக்கே படைத்தார். அவரை அறுபத்து மூவரில் வைத்துக் கும்பிடுகிறோம். பக்கத்து வீட்டில் அதே கறி வெந்தால் ஜன்னலைச் சாத்துகிறோம்.

மார்க்கத்தால் தவிர்ப்பவர்களையும் சைவம் சாப்பிடுபவர்களையும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். தன் தட்டைப் பற்றி முடிவு செய்ய யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பன்றி வளர்ப்பவரையும் உண்பவரையும் ஊருக்கு வெளியே நிறுத்திய சாதிப் புத்தியை 'சுத்தம்' என்ற பெயரில் என்னிடம் கொண்டு வராதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஒரு தகுதியும் இல்லை. பல வருடங்களுக்கு முன், என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் டிபன் பாக்ஸைத் திறந்தான். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் அவர்களைக் கண்டிக்கவில்லை. அவனைக் கூப்பிட்டு, "இனிமே இதெல்லாம் கொண்டு வராதேப்பா" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அதன் பிறகு அந்த வருடம் முழுவதும், சாதமோ புளிக்குழம்போ, அவன் மைதானத்தின் கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூடியைப் பாதி மட்டும் திறந்து சாப்பிட்டான். பார்த்துக்கொண்டே இருந்தேன். "உள்ளே வாடா" என்று கூப்பிடத் தோன்றவில்லை. ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கற்றுத்தந்த எதுவும் அன்று எனக்கு உதவவில்லை.

தம்பி, இதை நீ படித்தால், தப்பு என்னுடையது. உன் அம்மாவின் சமையலில் ஒரு குறையும் இல்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். யாராவது மூக்கைப் பொத்தினால், பொத்தியவரிடம் பேசுங்கள். டப்பாவைத் திறந்த பிள்ளையிடம் அல்ல.

பாத்திரத்தைத் தனியாக வைக்கவில்லை. வழக்கமான அலமாரியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருமுல்லைவாயில்.