சிலேத்தாரின் பறக்கும் படகு

எம்எல் 796, எம்எல் 797. அடுத்தடுத்த எண்களைத் தாங்கிய இரண்டு விமானங்கள். இரண்டும் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ஆகாயப்படைக்காகக் கட்டப்பட்ட ‘சண்டர்லாந்து’ வகைக் கடல் விமானங்கள். முதலாவதை இன்றும் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்ட் அரும்பொருளகத்தில் பார்க்கலாம். இரண்டாவது 1959 மே 15ஆம் தேதி நம் சிலேத்தார் தளத்திலிருந்து கடைசியாகப் பறந்தது. பிரிட்டிஷ் ஆகாயப்படையில் சண்டர்லாந்தின் சேவை அத்துடன் முடிந்தது. அந்த விமானம் இன்று எங்கும் இல்லை.

ஒன்று பிழைத்ததற்கும் மற்றொன்று அழிந்ததற்கும் என்ன காரணம்? பெருமையா, மதிப்பா? இல்லவே இல்லை! போருக்குப்பின் 796 பிரெஞ்சுக் கடற்படைக்குப் போனது. அங்கும் ஓய்வு பெற்றபின், பிரான்சின் லா போல் என்னும் கடற்கரை ஊரில் இரவு விடுதியாக நின்றது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகச் செய்த விமானத்துக்குள் மதுவும் நடனமும்! சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த விடுதிக்காரருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு பயன் இருந்ததால்தான் அது பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பியது. 1976இல் அதை டக்ஸ்ஃபர்டுக்குக் கொண்டு சென்றார்கள். தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து அதை மீட்டெடுத்தார்கள்.

கடல் விமானத்தைச் சீரமைப்பது எளிய வேலையன்று. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 34 மீட்டர், நான்கு இயந்திரங்கள், படகு போன்ற வயிற்றுக்குள் இரண்டு தளங்கள், சமையலறை, படுக்கைகள். பெரும்பாலும் அலுமினியத் தகடு. அலுமினியத்துக்கு உப்புநீர் பரம விரோதி. ஆணி அடித்த இடத்தில் உப்பு புகுந்தால், வெளியே வண்ணம் பளபளக்கும், உள்ளே தகடு பொடியாகிக் கிடக்கும். உள்ளிருப்பதை அறியத் தகட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஒன்றுக்குப் பத்தாக வேலை வரும். ஏறத்தாழ 750 சண்டர்லாந்துகள் கட்டப்பட்டும், முழு உருவில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதில் வியப்பில்லை.

நம்மில் எத்தனை பேருக்குச் சிலேத்தாரின் இந்த வரலாறு தெரியும்? 1928இல் பிரிட்டிஷ் கடல் விமானங்கள் இங்கிலாந்திலிருந்து பறந்து இங்கு வந்து சேர்ந்தன. அந்தக் குழுவே பின்னர் 205ஆம் படைப்பிரிவு ஆனது. 1941 டிசம்பர் 7ஆம் தேதி, பேர்ல் ஹார்பர் தாக்கப்படுவதற்கு முன்னதாகவே, இப்பிரிவின் ‘கட்டலினா’ விமானம் ஒன்றைத் தாய்லாந்து வளைகுடாப் பகுதியில் ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினர். அதிலிருந்த எட்டுப் பேரும் மாண்டனர். சிங்கப்பூர் வீழ்ந்தபின், கடல் விமானங்கள் இலங்கையின் கொக்கலையிலும் சென்னைக்கருகே செங்குன்றம் ஏரியிலும் தளம் கொண்டன. ஆம், சென்னைக்குக் குடிநீர் தரும் அதே ஏரிதான்! 1945இல் சண்டர்லாந்துகள் சிலேத்தாரில் வந்திறங்கி, எலும்பும் தோலுமாய் இருந்த போர்க்கைதிகளை ஏற்றிச் சென்றன. மலாயா அவசரகாலத்தில் அதே விமானங்கள் காட்டின்மேல் குண்டு வீசின. ஒரே விமானத்துக்கு இரண்டு முகங்கள்.

“அது வெள்ளைக்காரன் விமானம், நமக்கென்ன?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சண்டர்லாந்துக்குச் சக்கரம் கிடையாது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அதைக் கரையேற்ற, ஆட்கள் தண்ணீரில் நின்றுகொண்டே தனிச் சக்கரங்களைப் பொருத்த வேண்டும். பிறகு வால்பக்கமாகச் சரிவுமேடையில் இழுக்க வேண்டும். உப்பைக் கழுவ வேண்டும், தகட்டைச் சுரண்ட வேண்டும். இங்கிருந்த பிரிட்டிஷ் தளங்களில் இத்தகைய உடலுழைப்பைத் தந்தவர்களில் நம்மவர் பலர். விமானி பெயர் ஏட்டில் இருக்கிறது. கயிறு பிடித்தவர் பெயர்?

சிலேத்தாரில் பழைய அதிகாரிகள் குடியிருந்த கறுப்பு வெள்ளை வீடுகள் சிலவற்றைப் பாதுகாத்திருக்கிறார்கள், நல்ல செயல். ஆனால் அதிகாரி தூங்கிய வீடு மட்டும் வரலாறாகிவிடுமா? இனி ஒரு சண்டர்லாந்தை விலைக்கு வாங்குவது நடவாத காரியம். கண்ணாடியிழையில் ஒரு போலி உருவம் செய்து நிறுத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் படமெடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இங்கு மீட்டெடுக்கக்கூடியது அந்த வேலையின் நினைவு. 1959இல் இருபது வயதில் அத்தளத்தில் வேலை செய்தவர் இன்று எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுக்கென்றே ஒரு நிலையம் உண்டு. ஆனால் முதியவர் வீட்டுக்குப் போய், தமிழில் பொறுமையாகப் பேச்சுக் கொடுத்து, சக்கரம் பூட்டியது எப்படி, கூலி எவ்வளவு, விமானத்தை அவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்பதற்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? டக்ஸ்ஃபர்டில் தகடு கழற்றியவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்லர். அடுத்த விடுமுறையில் நம் பேரவை பத்துப் பேரை அனுப்பட்டும். ஒலிப்பதிவுக்கு நம் கைத்தொலைபேசியே போதும்.